புகைப் பரிசோதனையில் கார் ஃபெயிலா? கன்வெர்ட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்க!

பி.யு.சி. சான்றுக்காகப் புகைப் பரிசோதனை மையத்துக்குப் போறீங்க. கார் ஃபெயில். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்கிறார்கள். செலவோ பல ஆயிரம் ரூபாய். உடனே சரி சொல்லிடாதீங்க. கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. இன்ஜினில் இருக்கும் வேறு ஒரு கோளாறுதான் அதைக் கெடுக்கிறது. அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் பொருத்தினால், அதுவும் கெட்டுவிடும். பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கான பாடம் இது.

அதன் வேலை என்ன?

இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் இடையில் இருக்கும் உலோகப் பெட்டிதான் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பு. அதன்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலில் இது கட்டாயமானது. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடான பிறகுதான் சரியாக வேலை செய்யும். அதனால் பரிசோதனைக்கு முன் 15, 20 நிமிடம் காரை ஓட்டிவிட்டுப் போங்க. குளிர்ந்த வண்டி, நல்ல நிலையில் இருந்தாலும் ஃபெயில் ஆகலாம்.

படி 1: ரிப்போர்ட்டைப் படியுங்கள்

உங்கள் கார் பிஎஸ்-4ஆ, பிஎஸ்-6ஆ என்பது ஆர்.சி.யில் இருக்கும். இந்த இரு வகைக்கும் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். தாண்டக் கூடாது. ஆக்சிலரேட்டர் கொடுத்து, 2,500 ஆர்.பி.எம். அளவில் சோதிக்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், லாம்டா 0.97 முதல் 1.03 வரையும் இருக்க வேண்டும்.

ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயிலை முதலில் பாருங்க. லாம்டா 0.97க்குக் கீழே போய், கார்பன் மோனாக்சைடும் கூடினால் பெட்ரோல் அளவுக்கு மேல் பாய்கிறது. லாம்டா 1.03ஐத் தாண்டினால் புகைக்குழாயில் ஓட்டை இருக்கலாம். லாம்டா சரியாக இருந்தும் மற்ற இரண்டும் கூடுதலா? அப்போதுதான் கன்வெர்ட்டர்மீது சந்தேகம் வலுக்கிறது.

படி 2: செல்போனில் பாருங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும். அதில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, செல்போன் செயலியுடன் இணைத்தால் இன்ஜின் தரும் கோடுகள் தெரியும். பி0420 வந்தால் 'கன்வெர்ட்டரின் திறன் குறைந்துள்ளது' என்று பொருள். 'மாற்று' என்று பொருள் அல்ல! கூடவே பி0300, பி0301 போன்ற மிஸ்ஃபயர் கோடுகள் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

இன்ஜின் நன்றாகச் சூடான பின் செயலியில் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்க. வேகத்தைச் சீராக வைத்திருக்கும்போது 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி அமைதியாக நின்றால் கன்வெர்ட்டர் நலம். 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கினால் அது வேலை செய்யவில்லை. ஆனால் சென்சாருக்கு அருகே புகை கசிந்தாலும் அளவு தவறும். கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 3: அடைப்பா, உடைசலா?

வண்டி ஆறிய பிறகு கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே பீங்கான் உடைந்திருக்கிறது. பிக்கப் இல்லாமல் வண்டி மூச்சுத் திணறுகிறதா? அடைப்பாக இருக்கலாம். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அங்கே பிரஷர் கேஜ் பொருத்திப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்க. 2,500 ஆர்.பி.எம்.மில் 3 பி.எஸ்.ஐ. தாண்டினால் அடைப்பு உறுதி.

எது கெடுத்தது?

இன்ஜின் மிஸ் ஆனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து பீங்கானை உருக்கிவிடும். இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே போனாலோ, கூலன்ட் உள்ளே கசிந்தாலோ பூச்சின்மீது படிவு ஏறும். சூடான கன்வெர்ட்டர் மழைநீரில் திடீரென்று மூழ்கினால் பீங்கான் விரிசல் விடலாம். பேட்டரி இறங்கிய காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நல்லதல்ல. உருகிப்போனதை எந்த கெமிக்கல் ஊற்றிக் கழுவினாலும் மீட்க முடியாது.

காரணத்தைச் சரிசெய்த பிறகு, கோடை அழித்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்க. பி0420 மறுபடி வந்தால் மட்டும் மாற்றுங்கள். உங்கள் மாடலுக்கும் பிஎஸ் தரத்துக்கும் உரிய பாகத்தையே பில்லோடு வாங்குங்கள். அதற்கு முன், எமிஷன் வாரன்டி இன்னும் இருக்கிறதா என்று கையேட்டைப் புரட்டிப் பாருங்க. உள்ளே விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் பழையதற்கும் மதிப்பு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கழற்றிவிட்டு ஓட்டலாமா?

"வெறும் குழாய் போட்டுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்க. மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 190(2)-ன்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 மாதத்துக்கு லைசென்ஸும் பறிபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் தெருப் பிள்ளைகள்தான்.

மறந்துடாதீங்க

• செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் கன்வெர்ட்டர் உருகும்.

• மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீங்க. கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

• சாலையில் காயப்போட்ட வைக்கோல்மீது காரை நிறுத்தாதீங்க. கன்வெர்ட்டர் சூட்டில் தீப்பிடிக்கலாம்.

• பிஎஸ்-4, பிஎஸ்-6 கார்களுக்குப் பி.யு.சி. சான்று ஓராண்டு செல்லும். காலாவதித் தேதியை எம்-பரிவாஹன் செயலியில் இன்றே பார்த்து, போனில் ஒரு அலாரம் வைத்துவிடுங்கள்.