பாப்பாவுக்கு, வடலூரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. பக்கத்து ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்பாய். போன் செய்தால் அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்கிறாய். இதையாவது பால் பொங்கிய பிறகு படி.

மாப்பிள்ளை உன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஹெச்பிஏ1சி 6.3. 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய் என்றே எழுதிவிடுவார்கள். உன் இரண்டாவது பிரசவத்தில் சர்க்கரை ஏறியபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கர்ப்பத்தில் வந்து போகிற சர்க்கரை பின்னாளில் நிரந்தரமாக வர வாய்ப்பு அதிகம். உன் அம்மாவின் கால் விஷயத்தை நான் எழுத வேண்டியதில்லை. டிரெஸ்ஸிங் செய்தது நீயும் நானும்தானே.

நேரம் இல்லை என்கிறாய், நம்புகிறேன். மாப்பிள்ளைக்குக் காலை ஷிப்டு என்றால் நாலு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். நைட் ஷிப்டு என்றால் அவர் தூங்கும் பகலில் மிக்ஸி போட முடியாது. நடுவில் உன் ஆபீஸ், குழந்தைகளின் ஸ்கூல். 32 வருஷம் அதே நெய்வேலியில் நானும் இப்படித்தான் ஓடினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எந்த ஷிப்டு வந்தாலும் அவர் ஸ்டேடியத்துக்குப் போய் ஷட்டில் ஆடிவிட்டு வருகிறாரே, அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? அவரைக் குறை சொல்லவில்லை, தங்கமான பிள்ளை. அவருக்கு வீடு நேரம் ஒதுக்கித் தருகிறது. உனக்கு மிச்சம் இருந்தால்தான்.

என் சைக்கிள் கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். முதல் சம்பளத்தில் வாங்கிய பச்சை லேடீஸ் சைக்கிள். டூட்டிக்குப் போகப் பதினைந்து நிமிஷம், வரப் பதினைந்து. ஷிப்டு விடும் நேரத்தில் ரோடு முழுக்கச் சைக்கிளாக இருந்த காலம் அது. 1986இல் உன் பெரியப்பா ஸ்கூட்டர் வாங்கினார். நான் டூட்டியில் இருந்த ஒரு நாள் என் சைக்கிளை 150 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். "இனி எதற்கு, அவன்தான் கொண்டுபோய் விடுவானே" என்றார் மாமியார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே வருஷத்தில் ஏழு கிலோ ஏறியது. அப்புறம் முட்டி வலி. அந்த அரை மணி நேரத்தை உடற்பயிற்சி என்று நான் நினைத்ததே இல்லை, பறிபோன பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் பச்சைச் சைக்கிளைக் கண்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற டாக்டர் 1953இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அதற்காக அவர்கள் தனியாக நேரம் ஒதுக்கவில்லை, பிழைப்போடு சேர்ந்தே கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொன்னதையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிஷமும் கணக்குதான். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நட, வேலை செய்கிற தசை ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வீட்டுவேலை போதாதா என்று கேட்காதே. பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது, அந்த வேகம் வேண்டும்.

ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது வீட்டைவிட அந்த ரோடுகளை விட்டு வருவதற்குத்தான் அழுதேன். தானே புயல் அத்தனை மரங்களைச் சாய்த்தும் அந்த நிழல் வேறெங்கே இருக்கிறது? உன் வாசலிலேயே இருக்கிறது.

நடையோ, யோகாவோ, சைக்கிளோ, உன் இஷ்டம். நான் எதையும் திணிக்கவில்லை. மெயின் பஜார் கடையில் ஒரு சைக்கிளுக்குப் பணம் கட்டிவிட்டேன், சனிக்கிழமை கொண்டுவந்து தருவார்கள். பச்சை நிறம். ரசீது உன் பெயரில். விற்பதானாலும் நீதான் விற்க வேண்டும்.

கோபப்படாதே கண்ணு. உன்னைப் போல வீட்டையும் வேலையையும் தாங்குகிற பிள்ளை நம் குடும்பத்தில் யாரும் இல்லை, நான் உட்பட. நீ எப்படி இருந்தாலும் எனக்கு அழகுதான். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மாவும் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ வெளியே கிளம்பு, அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
பெரியம்மா