காவலரின் பூட்ஸைத் துடைக்கும் பெண்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ஓவியத்தைப் பார்த்தேன். கை ஓங்கி நிற்கும் ஆண், மூலையில் ஒடுங்கி அழும் பெண். உன் கோபம் நியாயமானது. கோடுகளிலும் உயிர் இருக்கிறது. ஆனால் யார் கெட்டவர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. அதற்குமேல் அந்தப் படத்தின் முன்னால் நிற்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதனால்தான் ஓவியர் போலா ரேகோவைப் பற்றி எழுதுகிறேன்.

1935இல் லிஸ்பனில் பிறந்தவர். சலாசாரின் சர்வாதிகாரத்தில் இருந்த போர்ச்சுகல் பெண்களுக்கு ஆகாது என்று எண்ணிய அப்பா, அவரை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார். லண்டனில் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் பயின்றார்.

1987இல் அவர் வரைந்த 'காவலரின் மகள்' படத்தை முதலில் தேடிப் பார். வெள்ளை உடுப்பு அணிந்த பெண் ஒருத்தி நீண்ட கறுப்பு பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கையை அதற்குள் ஆழமாக நுழைத்திருக்கிறாள். செய்வது அப்பாவுக்குப் பணிவிடைதான். ஆனால் அந்தக் கையின் வேகத்தில் பணிவு எங்கே இருக்கிறது? ஊரையே நடுங்கவைக்கும் பூட்ஸ் இப்போது அவள் பிடியில். அவள் அடங்கிப்போகிறாளா, வஞ்சம் தீர்க்கிறாளா? ரேகோ சொல்லவே மாட்டார்.

அடுத்த வருடம் வரைந்த 'குடும்பம்' இன்னும் கலங்கவைக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஆணை மனைவியும் மகளும் இரு பக்கமும் பிடித்திருக்கிறார்கள். உடை மாற்ற உதவுகிறார்களா, அவரை நசுக்குகிறார்களா? ஜன்னலோரம் இன்னொரு சிறுமி கைகளைக் கோத்தபடி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ரேகோவின் கணவர் விக்டர் வில்லிங்கும் ஓவியர். பல ஆண்டுகள் தண்டுவட மரப்பு நோயோடு போராடி அதே 1988இல் இறந்தார். நோயாளியைப் பராமரிப்பவர் கையில் அன்போடு அதிகாரமும் சேர்ந்தே இருக்கும் என்பதை வீட்டுக்குள் வாழ்ந்து அறிந்தவர் வரைந்த படம் அது. பெண்ணியம் என்றால் பெண்களை நல்லவர்களாக மட்டும் காட்டுவது என்று ரேகோ நினைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது அந்தத் துணிச்சல்தான்.

படத்தில் எதை விடுவது என்பதையும் அவரிடம் கற்றுக்கொள். 1998 ஜூனில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கலாமா என்று போர்ச்சுகலில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்க வரவில்லை. 'வேண்டாம்' என்பது மிகச் சிறு வித்தியாசத்தில் வென்றது. அந்த அலட்சியத்தில் கொதித்துப்போன ரேகோ, ரகசியமாகக் கருக்கலைத்துக்கொள்ளும் பெண்களைப் பாஸ்டலில் தொடராக வரைந்தார். ஒரு கட்டில், ஒரு வாளி, பள்ளிச் சீருடையில் ஒரு பெண். ரத்தம் ஒரு துளிகூடக் கிடையாது. ரத்தம் இருந்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அந்தப் பெண்களில் சிலர் நேராக நம்மையே பார்க்கிறார்கள், நகர முடியாது.

அந்தப் படங்கள் ஒரு சுவரில் மட்டும் தொங்கிப் பயனில்லை என்று, பல பிரதிகள் எடுக்கும்படி அச்சோவியங்களாகவும் செய்தார். 2007இல் மறுபடியும் வாக்கெடுப்பு வந்தபோது போர்ச்சுகல் 'ஆம்' என்றது. அதே ஆண்டு சட்டமும் மாறியது.

அன்புடன்,
உன் சித்தி