எடையற்ற இடத்தில் தொழுகை

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பதை நாம் அறிவோம். இச்சலுகை நோயாளிக்கு மட்டுந்தானா? நல்ல உடல்நலமுள்ள ஒருவர் விண்வெளிக்குச் சென்றால் அவர் நிலை என்ன?

இது கற்பனைக் கேள்வி அன்று. 1985 ஜூன் 17-ல் ஸவூதி இளவரசர் சுல்தான் பின் ஸல்மான் விண்கலம் ஏறினார். 2007 அக்டோபர் 10-ல், ரமளான் முடிய ஓரிரு நாள் இருக்கையில், மலேசிய எலும்பு மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுக்கூர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார்.

சட்டத்தை அறியுமுன் உடலை அறிய வேண்டும். பூமியில் நிற்கும்போது உடலின் நீர் கால்பக்கம் இறங்கி நிற்கும். எடை தெரியாத விண்ணில் அது நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறிவிடும். முகம் உப்பும், மூக்கடைக்கும், கால் மெலியும். நீர் மிகுந்துவிட்டதென்று உடல் எண்ணி இரத்தத்தின் நீரைக் குறைத்துவிடும். மேல் கீழ் உணர்த்தும் உட்காது தடுமாறுவதால், பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் இரண்டு மூன்று நாள் குமட்டல் உண்டு. பிறகு மூளை கண்ணை நம்பப் பழகிக்கொள்ளும். எலும்பு பழகுவதுதான் ஆபத்து! சுமை இல்லாத இடுப்பெலும்பு மாதந்தோறும் நூற்றுக்கு 1 முதல் 1.5 வரை தேயக்கூடும். அதற்காகவே நாள்தோறும் சுமார் 2 மணி நேர உடற்பயிற்சி.

இனி ருகூஉவையும் ஸுஜூதையும் எண்ணிப் பாருங்கள். நெற்றி தரையில் தங்குவது எடையால். அங்கே நெற்றி பட்டவுடன் உடல் எதிர்ப்பக்கம் மிதந்து விலகும். காலை மாட்டிக்கொள்ளாமல் நிற்கவும் முடியாது. ஒளுவின் தண்ணீர் வழிந்தோடாது, உருண்டு மிதக்கும். சூரியனோ ஒன்றரை மணிக்கொரு முறை உதிக்கிறது.

ஆகவே மலேசிய உலமாக்கள் 2007-ல் ஒரு வழிகாட்டி வகுத்தனர். வக்துக்குப் புறப்பட்ட இடமான பைக்கனூரின் கணக்கு. கிப்லாவுக்குக் கஃபா, இயலாவிடில் அதன் நேர்மேல் வெளி, அதுவும் இயலாவிடில் பூமி, பின்னர் எத்திசையும். நிற்க முடியாதவர் உட்காரலாம், படுக்கலாம், கண்ணிமையாலும் சைகை செய்யலாம். நோன்பைத் திரும்பிய பின் களாச் செய்யவும் அனுமதி உண்டு.

இந்த அனுமதியை ஈமானின் குறைவாகச் சிலர் பேசுவது சரியன்று. நீர் குறைந்த அதே இரத்தத்தோடுதான் அவர் பூமிக்குத் திரும்புகிறார். இறங்குமுன் உப்பும் நீரும் உட்கொள்வது மயக்கத்தைத் தவிர்க்கவே. 2023-ல் ஆறு மாதம் அங்கிருந்த அமீரக வீரர் சுல்தான் அல் நியாதியும், முஸாஃபிருக்கு நோன்பு கட்டாயமில்லை என்றே சொன்னார். பூமிக்கு வந்ததும் எடை மீண்டுவிடும். ஆயினும் எழுந்து நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். அன்றைய தொழுகையை அவர் உட்கார்ந்தே தொழ நேரலாம்.