சங்குக் காசும் காலணாவும்

பழங்காசு என்றவுடன் பொன்னும் வெள்ளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. செப்புக் காசைப் பழைய பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போடுகிறோம். ஆனால் பொற்காசு அரசர்க்கும் பெருவணிகர்க்கும் உரியதாக இருந்தது. உப்பும் மிளகாயும் வாங்கியவர் கையில் புழங்கியது செப்புக் காசே. அந்த எளிய மக்கள் தம் வாழ்வை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கைபட்டுத் தேய்ந்த காசுகள் மட்டும் ஆங்காங்கே எஞ்சி இருக்கின்றன. அவற்றை எவ்வாறு சேர்ப்பது, எவ்வாறு வகைப்படுத்துவது, அவற்றிலிருந்து என்ன அறியலாம் என்பவற்றை எங்கள் குமுளிப் பகுதியில் கிடைக்கும் காசுகளைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

இரு நாணயங்கள் கூடிய ஊர்

குமுளி மலைக் கணவாயில் அமைந்த ஊர். கிழக்கே இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு; மேற்கே ஏலத் தோட்டங்கள். இன்று இது தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் கூடும் எல்லை. 1947க்கு முன்போ, மலைக்குக் கீழே பிரிட்டிஷாரின் சென்னை மாகாணம். மலைமேல் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சி. 1886இல் பெரியாற்று நீர் குறித்து இரு அரசுகளுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1895இல் அணை திறக்கப்பெற்றது. ஏலமும் தேயிலையும் பெருகப் பெருகத் தோட்ட வேலை தேடித் தமிழ் மக்கள் மலையேறினர். எங்கள் முன்னோரும் அவ்வாறு வந்தவர்களே. ஆகவே, இப்பகுதிப் பழைய வீடுகளில் இரு நாட்டுச் சில்லறையும் ஒரே சுருக்குப் பையில் கலந்து கிடைப்பதில் வியப்பில்லை.

இரண்டுக்கும் கணக்கு வேறு. கீழ்நாட்டில் 12 தம்பிடி ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய். எனவே ரூபாய்க்கு 64 காலணா. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம், அல்லது 448 காசு. பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம் என்பது விகிதம். அது 456 காசு.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 456ஐ 64ஆல் வகுத்தால் ஒரு காலணாவின் மதிப்பு ஏழே அரைக்கால் காசு என்று வரும். அரைக்கால் காசுக்கு நாணயம் எங்கே உண்டு? காலணாவைக் கொடுத்து ஏழு காசு வாங்கினால் அரைக்கால் காசு நட்டம். 64 காலணாவையும் இவ்வாறு ஒவ்வொன்றாக மாற்றினால் 448 காசுதான் கைக்கு வரும். அரைச் சக்கரம் போய்விடும். மறுபக்கம், எட்டுக்காசு ஒன்றைக் கொடுத்துக் காலணா ஒன்றை வாங்கினால் நட்டம் இன்னும் பெரிது. 57 எட்டுக்காசுகள் சேர்ந்தால் சரியாக ஒரு பிரிட்டிஷ் ரூபாய். ஆனால் 57 காலணாவோ பதினாலேகால் அணாதான். ரூபாய்க்கு ஒன்றேமுக்கால் அணா குறைவு!

ரூபாயாக மாற்றுபவனுக்கு இந்த இழப்பு இல்லை; சில்லறையாக மாற்றுபவனுக்கே உண்டு. மலையேறினாலும் இறங்கினாலும் அன்றாடம் காய்ச்சிக்கே நட்டம் என்பதை அந்தப் பின்னம் காட்டுகிறது. இதை எந்த வரலாற்று நூலும் தனி அதிகாரமாக எழுதுவதில்லை. காசே சான்று.

வகை பிரிக்கும் முறை

காலணாவை வகைப்படுத்துவது எளிது. அதில் ஆண்டும் ஆள்பவர் பெயரும் உண்டு. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என அடுக்கிவிடலாம். ஆண்டு தேய்ந்துபோயிருந்தாலும் எடை துணை செய்யும். 1906இல் செம்புக்குப் பதிலாக வெண்கலம் வந்தது. காலணாவின் எடையும் 6.48 கிராமிலிருந்து 4.86 கிராமாகக் குறைந்தது. நான்கில் ஒரு பங்கு குறைவு. சாதாரணத் தேய்மானம் அவ்வளவு இராது. ஆகையால், முகம் தெரியாத காலணா ஆறு கிராமுக்கு மேல் இருந்தால் அது பழைய செம்பு என்று துணியலாம். உலகப் போரினால் உலோகம் அரிதானபோது 1943 முதல் 1947 வரை நடுவில் துளையிட்ட காலணா வந்தது. ‘ஓட்டைக் காலணா’ என்று நாம் ஏளனமாகச் சொல்வது அதைத்தான். போர் எங்கோ நடந்தது. துளை நம் சட்டைப்பைக் காசில் விழுந்தது.

திருவிதாங்கூர்ச் செப்புக் காசுகளில் பெரும்பாலானவற்றில் ஆண்டு கிடையாது. ஒரு காசு, நான்கு காசு, எட்டுக் காசு, சக்கரம் என நான்கு மதிப்பு. திருவிதாங்கூரின் அடையாளமான சங்கு அவற்றில் இருக்கும். காலத்தை அறிய ஆள்பவரின் பெயர் முத்திரையைப் பார்க்க வேண்டும். ஆர், வி என்னும் ஆங்கில எழுத்துகள் பின்னியிருந்தால் மூலம் திருநாள் ராமவர்மா. அவர் ஆண்டது 1885 முதல் 1924 வரை. முன்னே பி என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் 1931இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சித்திரைத் திருநாள் பாலராமவர்மா. இவற்றுக்கு முந்திய வெள்ளிச் சக்கரம் மிளகுபோல் மிகச் சிறியது. கையால் எண்ண முடியாமல், குழிகள் அமைந்த மரப்பலகையில் கொட்டிப் பரப்பி எண்ணினர். இதுவே சக்கரப் பலகை.

இதே பாடத்தைப் புதுக்கோட்டை அம்மன் காசும் கற்பிக்கும். ஒருபுறம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபுறம் ‘விஜய’ என்ற தெலுங்கு எழுத்து. அதிலும் ஆண்டு இல்லை. ஆனால் கையால் அடித்த பழைய காசு தடித்து, விளிம்பு ஒழுங்கின்றி இருக்கும். பின்னர் இயந்திரத்தில் அடித்தது சீரான வட்டமாக இருக்கும். எழுத்து சொல்லாததைத் தொழில்நுட்பம் சொல்கிறது.

ஒரே வகைக்குள்ளும் நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. சங்கின் வடிவம், எழுத்தின் பருமன், விளிம்புப் புள்ளிகளின் எண்ணிக்கை ஆகியவை மாறும். இங்கே புதிதாகச் சேர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சில் உள்ள வேறுபாடு, அந்த அச்சில் அடித்த காசு ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் வரும். அடிக்கும்போது தகடு நழுவி ஏற்பட்ட பிழை அந்த ஒரு காசில் மட்டும் இருக்கும். எனவே ஒரு மாறுபாட்டைக் குறைந்தது இரண்டு காசுகளிலாவது கண்ட பின்னரே புது வகை என்று குறித்துக்கொள்வது நல்லது.

தராசு சொல்லும் உண்மை

அறிவியல் மாணவராகிய நமக்கு இத்துறையில் ஒரு வசதி உண்டு; ஆய்வுக்கூடத்துத் தராசு நம் கைக்கு எட்டும். காசை உடைக்காமல், கரைக்காமல் அதன் உலோகத்தை ஓரளவு அறிய ஆர்க்கிமிடீசு முறை போதும். காற்றில் ஒருமுறை, நீரில் ஒருமுறை எடை கண்டு ஒப்படர்த்தி கணக்கிடலாம். தூய செம்புக்கு அது சுமார் 8.9; ஈயத்துக்கு 11.3; பித்தளைக்கு ஏறத்தாழ எட்டரை.

ஆனால் சிறு காசில் ஒரு தொல்லை உண்டு. திருவிதாங்கூர் ஒரு காசின் எடை ஏறத்தாழ 0.65 கிராம். அது நீரில் இழக்கும் எடை 0.073 கிராம் மட்டுமே. ஒட்டிய காற்றுக் குமிழியாலோ தராசின் நடுக்கத்தாலோ ஐந்தே மில்லிகிராம் பிழை நேர்ந்தால் விடை 8.9 என்பது 8.3 ஆகிவிடும், நல்ல செம்பும் பித்தளையாகத் தோன்றும். இதற்கு எளிய வழி, ஒரே வகையைச் சேர்ந்த இருபது காசுகளை ஒன்றாக நிறுப்பது. அப்பொழுது நீரில் இழக்கும் எடை சுமார் ஒன்றரைக் கிராம். அதே ஐந்து மில்லிகிராம் பிழை விடையை அசைப்பதில்லை. ஆனால் இம்முறையால் செம்பையும் வெண்கலத்தையும் பிரிக்க இயலாது. அவற்றின் அடர்த்தி அவ்வளவு நெருக்கமானது. கருவியின் எல்லையை அறிந்து பயன்படுத்துவதும் ஆராய்ச்சியில் ஒரு பகுதியே.

துலக்க வேண்டா

பழங்காசு கிடைத்தவுடன் புளியிட்டுத் துலக்குவது நம்மவர் வழக்கம். புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும். அதனோடு மேற்பரப்பின் நுண்கோடுகளும் போய்விடும். எடையும் குறையும். நாம் படிக்க வேண்டிய இரண்டையும் நாமே அழித்துவிடுகிறோம். காசின் மேல் படிந்த பழுப்பு அல்லது கரும்படலம் அதற்கு ஒரு காப்பு, அப்படியே விடுக. வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அது குளோரைடு நோய். ஈரத்தில் வளர்ந்து காசை அரிக்கும். எங்கள் ஊரின் மழைக்கும் மூடுபனிக்கும் இது விரைவில் பரவும். அத்தகைய காசைத் தனியே பிரித்துக் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. வகையைத் தவிர்த்து, அமிலமற்ற காகித உறையில் இடுவது சிறந்தது.

ஒரு துண்டுக் காகிதம்

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது, காசு எங்கே கிடைத்தது என்னும் குறிப்பு. மீன் பொறித்த பாண்டியர் சதுரக் காசு மதுரைக் கடையில் கிடைத்தால் அது ஒரு பழங்காசு, அவ்வளவே. அதே காசு மலைக்கு மேற்கே ஒரு தோட்டத்து மண்ணில் கிடைத்தால் அது ஒரு வழியின் வரலாறு. சங்குக் காசு கூடலூரிலும், தம்பிடி வண்டிப்பெரியாற்றிலும் எத்தனை எத்தனை கிடைக்கின்றன என்று குறித்து வந்தால், எந்தச் சந்தையில் யார் பணம் ஓடியது என்பதை வரைபடமாகவே தீட்டிவிடலாம். குறிப்பு இல்லாத காசில் இந்தச் செய்தி என்றும் திரும்பாது.

எனவே ஒவ்வோர் உறையிலும் ஒரு துண்டுக் காகிதம் வைப்போம். ஊர், கிடைத்த நாள், வீட்டிலா மண்ணிலா, உடன் கிடைத்தவை, எடை, விட்டம் ஆகிய ஆறு செய்திகள் போதும். மண்ணில் புதையலாகக் கிடைத்ததை மறைக்காமல் மாவட்ட ஆட்சியரிடம் அறிவித்தல் சட்டம். அதுவே அறமும் ஆகும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் 1949இல் இணைந்த பின் சக்கரத்தின் ஆட்சி முடிந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் நூறு நயா பைசா ஒரு ரூபாய் ஆயிற்று, அணாவும் விடைபெற்றது. கால் ரூபாயும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30ஓடு செல்லாதவை ஆயின. அவற்றைக் கையில் எண்ணி வாங்கியவர்களும் குறைந்து வருகின்றனர். இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் தம் பாட்டியரின் சுருக்குப் பையையும் அஞ்சறைப் பெட்டியையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காசைக் கேட்டு வாங்க வேண்டுமென்பதில்லை. நிறுத்து, படமெடுத்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம். பாத்திரக் கடைக்காரர் எடை போடுவதற்கு முன் நாம் எடை போட்டு எழுதி வைப்போமாக!