எண்ணிப் பார்ப்போம்!

புள்ளியியல், நிகழ்தகவு என்றவுடன் சூத்திரங்களை மனப்பாடம் செய்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் சூத்திரத்திற்கு முன்னே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எதையும் விடாமல், ஒன்றோடொன்று கலக்காமல், தனித்தனியே எண்ணுவதே அது. சில கணக்குகளின் வாயிலாக இதனைக் காண்போம்.

கணக்கு 1: ஒரு நாணயத்தை இருமுறை சுண்டுகிறோம். ஒரு முறையேனும் தலை விழ நிகழ்தகவு என்ன?

பிரெஞ்சுக் கணித மேதை தலாம்பேர் 1754ஆம் ஆண்டில் இதற்கு 2/3 என்று விடை எழுதினார். முதலிலேயே தலை விழுந்தால் மறுமுறை சுண்டத் தேவையில்லை. ஆகவே ‘தலை’, ‘பூ–தலை’, ‘பூ–பூ’ என மூன்றே வாய்ப்புகள். அவற்றுள் இரண்டு சாதகமானவை என்பது அவர் வாதம். ஆனால் அம்மூன்றும் சம வாய்ப்புடையவை அல்ல. ‘தலை’ என்ற ஒன்றுக்குள் ‘தலை–தலை’, ‘தலை–பூ’ என இரண்டு அடங்கியுள்ளன. எனவே கூறுவெளியில் உள்ளவை நான்கு, சாதகமானவை மூன்று. சரியான விடை 3/4. யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா?

கணக்கு 2: இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 7 வர நிகழ்தகவு என்ன?

கூடுதல் 2 முதல் 12 வரை பதினொரு வகை. ஆகவே 1/11 என்று சொல்லத் தோன்றும். ஒரு பகடை சிவப்பு, மற்றது வெள்ளை என்று கொள்ளுங்கள். மொத்த வாய்ப்புகள் 6 × 6 = 36. கூடுதல் 7 தருபவை (1,6), (2,5), (3,4), (4,3), (5,2), (6,1) என ஆறு. விடை 6/36, அதாவது 1/6. கூடுதல் 12 தருவதோ (6,6) ஒன்றே. அதன் நிகழ்தகவு 1/36.

கணக்கு 3: ஒரு தையற்கூடத்தில் ஐவரின் நாள் வருமானம் ரூபாய் 300, 300, 350, 400, 1650. சராசரி என்ன? இடைநிலை என்ன?

மொத்தம் 3000, சராசரி 600. நடுவில் நிற்கும் இடைநிலை 350. சராசரியை மட்டும் கேட்பவர், அங்கே எல்லோரும் நன்றாக வாழ்கிறார்கள் என்று எண்ணிவிடுவார். ஐவரில் நால்வர் 400 ரூபாயைத் தாண்டவில்லை என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

இப்படித் தனித்தனியே எண்ணுவது உயிர்களையும் காக்கும். கிரிமியப் போரில் (1853–1856) இறந்த பிரிட்டிஷ் வீரர்களைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஒரே தொகையாகக் காட்டவில்லை. நோயால், காயத்தால், பிற காரணங்களால் என மாதவாரியாகப் பிரித்து, 1858இல் வண்ணப்படமாக வெளியிட்டார். காயத்தைவிட, தடுக்கக்கூடிய நோய்களே மிகப் பலரைக் கொன்றன என்பது அப்படத்தில் வெளிப்பட்டது. படை மருத்துவமனைகளிலும் பாசறைகளிலும் சுகாதாரச் சீர்திருத்தம் வர அது துணை நின்றது. அதே ஆண்டில் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார் அவர்.

தோழியரே, இனி உங்கள் முறை. மூன்று நாணயங்களை ஒருசேரச் சுண்டினால், சரியாக இரண்டு தலைகள் விழ நிகழ்தகவு என்ன? சூத்திரத்தைத் தேடாமல் எட்டு வாய்ப்புகளையும் வரிசையாக எழுதுங்கள். 3/8 என்ற விடை தானே கண்முன் நிற்கும்!