வலியறியாப் பாதம்

காலில் முள் தைத்தவுடன் நாம் நிற்கின்றோம், குனிகின்றோம், முள்ளைக் களைந்த பின்னரே அடுத்த அடி வைக்கின்றோம். இவ்வாறு நம்மை நிறுத்துவது யாது? வலியே. வலியைத் தீமையென்றே எண்ணிப் பழகிய நமக்கு, அஃது உடலைக் காக்கும் காவலாளன் என்னும் உண்மை எளிதிற் புலப்படுவதில்லை. நீரிழிவினால் அக்காவலாளனை இழந்தோர் தம் பாதங்களைக் காத்துக்கொள்ளும் வகையை இங்கு ஆராய்வோம்.

எம் உறவினரான முதியவர் ஒருவர் பல்லாண்டுகளாக நீரிழிவு உடையவர். ஒருநாள் மாலை வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றியபோதுதான் தரையிற் குருதி படிவதைக் கண்டார். செருப்பின் அடியைத் துளைத்து ஏறிய ஆணியொன்று நெடுநேரம் அவர் பாதத்தைக் குத்திக்கொண்டிருந்தது. அவரோ சிறிதும் அறிந்திலர். “வலியில்லை, ஆகவே பெரிதன்று” என்று காப்பித்தூளை அப்பிக்கொண்டு வழக்கம்போல் நடமாடினார். சில நாட்களிற் பாதம் வீங்கிச் சீழ் கொண்டது. இரண்டு விரல்களை இழந்தே அவர் உயிர் பிழைத்தார். ஆணி செய்த தீங்கினும், ‘வலியில்லை’ என்ற எண்ணம் செய்த தீங்கே பெரிது.

இந்நிலை நேரும் காரணம் யாதெனின், இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை பல்லாண்டுகளில் நரம்புகளைச் சிதைக்கின்றது. நீளமான நரம்புகளே முதலிற் கெடுதலின், கால்விரல்களே முதலில் உணர்விழக்கின்றன. தொடக்கத்தில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றலாம். சிலருக்கு எவ்வறிகுறியும் தோன்றுவதில்லை. வியர்வையை ஆளும் நரம்புகளும் கெடுதலால் தோல் வறண்டு பித்தவெடிப்பு உண்டாகின்றது. இரத்தக் குழாய்களும் குறுகுமாயின், புண் ஆறுதற்கு வேண்டிய குருதி அங்குச் சென்று சேர்வதில்லை. உணர்வின்மை, குருதிக் குறைவு, கிருமிகளின் தாக்குதல் ஆகிய மூன்றும் கூடுமிடத்துச் சிறு கொப்புளமும் காலையே கொள்ளை கொள்ளும்.

உணர்விழந்த பாதத்தின் இயல்பை உலகிற்கு விளக்கியவர்களுள் ஒருவர் நம் தமிழகத்துக் கொல்லிமலையில் இளமையைக் கழித்த டாக்டர் பால் பிராண்டு ஆவார். அவர் 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து பணியேற்றார். தொழுநோயாளரின் பாதப்புண்கள் அந்நோயினால் தசை தானே அழுகுவதால் உண்டாவன என்பது அக்காலத்துப் பலரின் கருத்து. உணர்வற்ற பாதம் அறியாமற் படும் காயமும், ஓயாத அழுத்தமுமே பெரும்பாலும் காரணம் என அவர் தெளிந்தார். 1966-இல் அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், நீரிழிவாளரின் பாதங்களுக்கும் இவ்வுண்மை பொருந்துவதைக் காட்டினார். வேலூர்ப் பகுதியில் தொழுநோயாளர்க்கெனப் பயன்படுத்தப்பட்ட மென்மையான எம்.சி.ஆர். ரப்பர்ச் செருப்பு இன்று நீரிழிவாளரின் பாதங்களையும் காக்கின்றது.

ஆதலின், வலி செய்த பணியை இனிக் கண்கள் செய்தல் வேண்டும். நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்தல் முதற்கடமை; குனிய இயலாதார் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, ஏனைய இடங்களில் எண்ணெய் தடவுக. வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முயலற்க. வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடவற்க. கோடைப் பகலிற் கொதிக்கும் கருங்கல் தளம் உணர்விழந்த உள்ளங்காலைச் சுட்டுவிடும். செருப்பை அணியுமுன் உதறிக் கையால் தடவிப் பார்த்தல் நன்று. காலாணியைப் பிளேடினால் அறுத்தலும், அதனைக் கரைக்கும் மருந்தை இடுதலும் தீது. புகையிலையை அறவே ஒழித்தல் வேண்டும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் வைத்தியரிடம் பாதங்களைக் காட்டுக. 10 கிராம் அளவு அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டே அவர் உணர்வை அளந்தறிவார்.

இவ்வளவு காத்தும் காயம் பட்டுவிடின் செய்யத்தக்கது யாது? தூய நீராற் கழுவித் தூய துணியால் மூடி, அன்றே வைத்தியரை அடைதல் வேண்டும். சுண்ணாம்பு, காப்பித்தூள் முதலியவற்றை இடற்க. சிவப்பு, வீக்கம், துர்நாற்றம், கருமை, காய்ச்சல் ஆகியவை தோன்றின் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. புண்ணேயின்றிப் பாதம் வீங்கிச் சூடேறினும் எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அதுவும் உடனே காட்டத்தக்கதே. மருந்தினும் அரியது ஓய்வு. வலியுடையவன் நொண்டியேனும் புண்ணைக் காப்பான். வலியற்றவனோ ஒவ்வோர் அடியிலும் அதனை மிதித்துப் புதிதாக்குகின்றான். உள்ளங்காற் புண்ணுக்குச் சில வேளை வைத்தியர் மாவுக்கட்டு இடுவதும், உடற்பாரத்தைப் புண்ணின்மேல் விழவொட்டாது பகிர்ந்தளித்தற்கேயாம்.

மாணவ நண்பர்களே, நும் இல்லங்களிலும் நீரிழிவுடைய பெரியோர் இருத்தல் கூடும். அவர்தம் கண்ணொளியும் அந்நோயால் மங்கியிருக்கலாம். தம் பாதத்தைத் தாமே காண இயலாதிருக்கலாம். விடுமுறைக்குச் சென்று அவர்தம் அடிகளைத் தொட்டு வணங்கும்போது, அப்பாதங்களைச் சிறிது திருப்பி உற்று நோக்குவீராக. அவர்க்கு வலி சொல்லாததை நும் கண்கள் சொல்லட்டும்.