பால் கறக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் தீவனப்புல், கட்டுத்தரையில் ஐந்தாறு மாடுகள் என்று பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. காலைப் பால் நேராக டவுனில் வீடுகளுக்குப் போகும். மாலைப் பால் சொசைட்டிக்கு. பாக்கெட் பால் வேண்டாம், மாட்டுப் பால்தான் வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "தண்ணி ஊத்த மாட்டீங்களே?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் நல்ல தண்ணீர் கலந்தால் நட்டம் காசோடு போய்விடும். அழுக்கு மடியும் கழுவாத கேனும் உடம்பையே படுக்க வைத்துவிடும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கறவையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாலின் தரம் பாதிக்கு மேல் அங்கேதான் தீர்மானமாகிறது. முதலில் சாணத்தை அள்ளி, தரையைக் கழுவி, ஈரம் வடிய விட வேண்டும். அடுத்து மடியையும் காம்புகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி. ஈர மடியோடு கறந்தால் மடியில் ஒட்டிய அழுக்கெல்லாம் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் இறங்கும். பிறகு ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்ப்போம். பால் துணியில் வழுவழுவென்று இறங்கினால் சரி. திப்பி திப்பியாக நின்றாலோ, தண்ணீராகப் பிரிந்தாலோ, ரத்தச் சாயல் தெரிந்தாலோ மடிநோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து பாலைக் கொட்டிவிட வேண்டும். முதல் பீச்சைத் தரையில் விடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது நோயைக் கட்டுத்தரை முழுக்கப் பரப்பும்.

மடியைத் தொட்டதும் மாடு பாலை இறக்கும். அந்தச் சுரப்பு ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு கறந்தால் காம்பு உள்ளே புண்ணாகும். ஐந்து விரலும் சேர்ந்த முழுக்கைக் கறவைதான் நல்லது. விரலைப் பாலில் நனைத்துக்கொண்டு கறப்பது கைவாகாக இருக்கும், ஆனால் அசுத்தம். கறந்த பின் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்கக் கறந்த கையோடு தீவனம் போடுவோம். போவிடோன் அயோடின் கரைசலில் காம்பை முக்கி எடுத்தால் இன்னும் நல்லது.

மடியிலிருந்து வரும்போது பாலின் சூடு கிட்டத்தட்ட நம் உடம்புச் சூடுதான். கிருமிகளுக்குப் பிடித்த சூடும் அதுவே. கறந்த பாலுக்குக் கிருமியைத் தடுக்கும் இயற்கைச் சக்தி கொஞ்சம் உண்டு, அது இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வாளிப் பாலை வெந்நீரில் அலசிக் காயவைத்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் கேனில் ஊற்றி, கேனின் கழுத்து வரை குளிர்ந்த தண்ணீர் நிற்கும் தொட்டியில் இறக்கிக் கிளறிவிட வேண்டும். தண்ணீரில் ஐஸ் போட முடிந்தால் உத்தமம். பால் நாள் முழுக்கத் தாங்க வேண்டுமானால் 4 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். தொட்டித் தண்ணீரால் அது நடக்காது. அதனால்தான் கறந்த இரண்டு மணி நேரத்துக்குள் வீடுகளில் சேர்த்துவிடுகிறோம். ஆறிய பாலில் கறந்த சூட்டோடு பாலை ஊற்றிக் கலப்பதும் கூடாது. இரண்டும் சேர்ந்து கெடும்.

வாங்குகிறவர்களுக்கு லாக்டோமீட்டர் மேல் பெரிய நம்பிக்கை. நல்ல பசும்பாலில் 28 முதல் 32 வரை காட்டும். ஏட்டை எடுத்துவிட்டால் எண் ஏறும், பிறகு தண்ணீர் ஊற்றினால் பழைய இடத்துக்கே இறங்கி நிற்கும். கறந்த சூட்டில் போட்டாலோ நல்ல பாலுக்கே எண் குறையும். ஆகவே அது மட்டும் போதாது. பசும்பாலில் கொழுப்பு 3.2 சதமும் இதரச் சத்து 8.3 சதமும் குறையாமல் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. சந்தேகம் வந்தால் சொசைட்டியில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

ஒரே மாட்டின் பாலும் தினம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மழைக்காலத்தில் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் கேட்டார்:

"ஏனுங்கண்ணா, ஒரு வாரமா ஏடே கட்ட மாட்டேங்குதே?"

"மழை பேஞ்சு புல்லு இளசாக் கெடக்குதுங்க அம்மணி. வைக்கப்புல்லு சேத்திப் போட்டிருக்கறோம், சரியாயிருமுங்க."

இளம்புல்லை மட்டும் தின்றால் நார்ச்சத்து போதாது, பாலில் கொழுப்பு இறங்கும். வைக்கோல் சேர்ந்தால் ஏறும். இப்படிக் காரணம் சொல்லத் தெரிந்தவரிடம் பால் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பாலை உடனே காய்ச்சுங்கள். பொங்கி வந்ததும் அடுப்பை நிறுத்திவிடாமல், தீயைக் குறைத்துக் கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். பிறகு பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆற்றி ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டு திறக்கும்போதெல்லாம் சூடேறும் இடம். காய்ச்சும்போதே பால் திரிந்தால், முன்பே புளிக்கத் தொடங்கிய பால் அது. பால்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

காய்ச்சாத பாலில்தான் சத்து என்று பச்சையாகக் குடிக்கிறவர்கள் இப்போது அதிகமாகிறார்கள். மாடு வளர்க்கிற நான் அதை ஒப்பமாட்டேன். கருச்சிதைவு நோய் என்று நாங்கள் சொல்லும் புருசெல்லோசிஸும் மாட்டுக் காசநோயும் பார்வைக்கு நன்றாக இருக்கிற மாட்டின் பால் வழியாகவும் மனிதருக்கு வரும். புருசெல்லோசிஸ் வந்தால் விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் வாட்டும். கிடாரிக் கன்றுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் புருசெல்லா தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தாலும் பாலைக் காய்ச்சியே குடியுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில் இதில் பேச்சுக்கே இடமில்லை.

காய்ச்சினாலும் போகாதவை இரண்டு உண்டு. ஒன்று, பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கின் நஞ்சு. அஃப்ளடாக்சின் என்று பெயர். மாடு தின்றால் பாலில் இறங்கிவிடும், சூட்டுக்கு அசையாது. புண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். மற்றொன்று, மடிநோய்க்குப் போடும் ஆன்டிபயாடிக். மருந்துப் பெட்டியில் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதுவரை அந்தப் பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது. காய்ச்சி ஆற்றி உறை ஊற்றியும் தயிர் சரியாக உறையாமல் போவதற்கு இந்த மருந்தும் ஒரு காரணம்.

பாலைக் கீழே கொட்டுகிற அந்த நாட்களிலும் மாட்டுக்குத் தீவனம் போட்டாக வேண்டும். சிறு பண்ணைக்காரருக்கு அது கனத்த நட்டம். "மாட்டுக்கு ஊசி போட்டிருக்குதுங்க, நாலு நாளைக்குப் பால் இல்லை" என்று உங்கள் பால்காரர் வாசலில் வந்து சொன்னால், கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விடாதீர்கள். அந்த நாலு நாள் பாக்கெட் பால் வாங்கிச் சமாளித்துவிட்டு, ஐந்தாம் நாள் அவரிடமே வாங்குங்கள்.